சில்லருக்குப் படைத்த பச்சைப் பொட்டலங்கள்

தொட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த தெர்மோமீட்டர் இருபத்தொன்பது டிகிரி காட்டியபோது, ஜூயின் அதை விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தாள். பியானோ வகுப்புக்கு வரும் பிள்ளைகள் தப்பாக வாசித்தால் ஒரு முறை முறைப்பாளே, அதே முறைப்பைத் தெர்மோமீட்டருக்கும் கொடுத்தாள். அது பயந்ததாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னும் ஒரு புள்ளி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது.

காவ்சியுங் நகரத்தில் ஜூலை வெயில் எல்லாருக்கும் பொதுதான். ஆனால் தெருவில் போகிறவர்கள் குடை பிடித்துக்கொள்ளலாம், கடை வாசலில் ஒதுங்கலாம், ஐஸ் போட்ட டீயை வாங்கி உறிஞ்சிக்கொண்டே நடக்கலாம். ஐந்தாவது மாடி வீட்டின் ஹாலில், கண்ணாடித் தொட்டிக்குள் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பவளங்கள் எங்கே போய் ஒதுங்கும்? அவற்றுக்கு இருபத்தாறு டிகிரிதான் சுகம். முப்பதைத் தாண்டி நாலு நாள் போனால் நிறமெல்லாம் வடிந்து, வெறும் வெள்ளை எலும்பாகிவிடும்.

தொட்டி அவளுடையது இல்லை. அவள் புருஷன் போகுவானுடையது. அவன் சரக்குக் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில்தான் இருப்பான். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு வந்தால் கடலை மறந்து தொலைப்பான் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? இவன் ஹாலுக்குள்ளேயே ஒரு கடலைக் கட்டி வைத்தான். உப்பை அளந்து கலக்கி, விளக்கு மாட்டி, அலையடிக்க மோட்டார் வைத்து, தண்ணீரைக் குளிர வைக்க ஒரு சில்லரும் வாங்கிப் போட்டான். சுண்டுவிரல் நக அளவு துண்டாக வந்த ஒரு மான்கொம்புப் பவளம் இப்போது இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கிற அளவுக்குக் கிளைவிட்டிருந்தது. கிளை நுனியெல்லாம் ஊதா. விடுப்பில் வந்தால் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் அதன் எதிரில் உட்கார்ந்திருப்பான். ஜூயின் அதற்கு 'சின்ன வீடு' என்று பெயர் வைத்திருந்தாள்.

மார்ச்சில் அவன் கப்பலுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு சண்டை நடந்தது. தண்ணீர் எவ்வளவு ஊற்ற வேண்டும், எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும், எந்தப் பக்கம் எதை வைக்கக் கூடாது என்று அவன் நாலாவது தடவையாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். அவள் பியானோவின் கட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு, காதை மட்டும் மூடாமல் மனசை மூடிக்கொண்டு நின்றாள். கடைசியில் பொறுமை போய்விட்டது.

"அது செத்துத் தொலைஞ்சாத்தான் எனக்கு நிம்மதி!"

போகுவான் சமையலறைக்குப் போய் இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் செய்தான். முழுசாக வந்த முட்டையை அவள் கிண்ணத்தில் வைத்து, உடைந்ததைத் தனக்கு எடுத்துக்கொண்டான். மறுநாள் காலையில் கிளம்பிவிட்டான்.

இப்போது அது உண்மையிலேயே செத்துப்போனால்? அவன் திட்டமாட்டான். "பரவாயில்ல, வெயில் அப்படி" என்பான். அந்தப் 'பரவாயில்ல'வுக்குத்தான் ஜூயின் பயந்தாள். சொன்னவள் அவள். சொன்னபடி நடந்தும் போனால், அவன் மனசின் ஏதோ ஒரு மூலையில் 'வேண்டுமென்றேதான் விட்டுவிட்டாள்' என்று ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துவிடும். வாய்விட்டுச் சொல்லாத எண்ணத்தை எந்தக் காலத்தில் பதில் சொல்லி எழுப்பி அனுப்புவது?

அதனால்தான் கப்பலிலிருந்து எப்போதாவது வருகிற செய்திக்கெல்லாம் "எல்லாம் நல்லா இருக்கு" என்றே பதில் போட்டாள். பார்க்க நன்றாக இருந்த ஒரு மூலையை மட்டும் படம் பிடித்து அனுப்பினாள். அவனும் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவான். கட்டைவிரலைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் குற்றவுணர்ச்சி கூடிக்கொண்டே போனது.

தொட்டியை அவள் வெறுத்ததற்கு ஒரு நியாயமும் உண்டு. முன்பெல்லாம் அந்தச் சில்லர் போடுகிற முனகல் இருக்கிறதே, அது பியானோவின் எந்தக் கட்டையிலும் சேராது. இரண்டு கட்டைக்கு நடுவில் ஒரு இடத்தில் நின்றுகொண்டு நாள் முழுக்க 'ம்ம்ம்' என்று இழுக்கும். சாதாரணக் காதுக்கு அது ஒரு சத்தம், அவ்வளவுதான். ஜூயினின் காது அப்படி இல்லை. பிள்ளை எதிரே உட்கார்ந்து பாடம் வாசிக்கும்போது, பல்லுக்குள் மணல் சிக்கின மாதிரி இருக்கும் அவளுக்கு. போன குளிர்கால விடுப்பில் இதைச் சொல்லிச் சொல்லியே அவனைக் கரைத்தாள்.

அந்த விடுப்பு முழுவதும் அவன் தொட்டிக்குக் கீழே இருக்கிற மர அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தான். முதுகுவலிக்காரன், தரையில் முழங்காலிட்டபடி கிடந்தான். வீடெல்லாம் பசை நாற்றம். அதற்கும் சேர்த்துத் திட்டினாள். ஒரு நாள் திடீரென்று முனகல் நின்றுவிட்டது. அலமாரிக் கதவுகள் இறுக மூடியிருந்தன. வெப்பநிலை காட்டுகிற பெட்டி, தண்ணீர் ஊற்றுகிற வாளி எல்லாம் வெளியே வந்துவிட்டன. இனிமேல் அவள் அந்தக் கதவைத் தொடவே வேண்டாம் என்றான்.

"ஒரு வழியா நல்ல மெஷினா பாத்து வாங்கினியே," என்றாள் அவள்.

"ம்," என்றான் போகுவான்.

அலமாரியின் இடது பக்கத்தில் மட்டும் ஒரு ஜன்னல் மாதிரி கம்பி வலை இருந்தது. வலைக்கு முன்னால் ஒரு சின்ன மரத் தட்டு. பார்த்தால் வீட்டுத் தெய்வத்துக்கு ஊதுவத்தி வைக்கிற மாடம் போலவே இருந்தது. அங்கேதான் ஜூயின் பச்சைப் பொட்டலத்தை வைத்தாள்.

இந்த ஊரில் மெஷின் வைத்திருக்கிற எவருக்கும் பச்சைப் பொட்டலத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. தேங்காய் வாசனை போட்ட சோளப் பொரி. பொட்டலத்தின் பெயருக்கே 'சமத்தா இரு' என்று அர்த்தம். பக்கத்தில் வைத்தால் மெஷின் மக்கர் பண்ணாது என்று நம்பிக்கை. வங்கியில் பணம் துப்புகிற இயந்திரத்தின் தலையில் ஒன்று இருக்கும். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிற அறையில் ஒன்று இருக்கும். பெரிய பெரிய கம்ப்யூட்டர் அறைகளில் படித்த மேதாவிகள் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். பச்சை உறைதான் வைக்க வேண்டும், வேறு நிறம் ஆகாது. தேதி முடியக் கூடாது. யாரும் பிரித்துத் தின்னவும் கூடாது. இது மூடநம்பிக்கை என்று சிரிக்கிறவனும் தன் மெஷினுக்கு ஒன்று வைத்துவிட்டுத்தான் சிரிப்பான்.

போகுவான் கிளம்பின வாரத்திலேயே அவள் ஒன்று வைத்துவிட்டாள். செத்துத் தொலையட்டும் என்று கத்தின வாயை எப்படியாவது கழுவ வேண்டாமா? தேதி நெருங்கினால் புதுசு மாற்றினாள். மே மாதம் வெப்பம் லேசாக ஏறியபோது இரண்டாவது பொட்டலம். ஜூன் மாதம் தட்டு முழுக்க ஒரு வரிசை. ஜூலையில் அதற்கு மேல் இன்னொரு வரிசை. வலையே கண்ணுக்குத் தெரியவில்லை. சில்லர் ஓடுகிறது என்று காட்டுகிற சிவப்பு விளக்கு மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. மெஷின் இவ்வளவு உழைக்கிறது, பாவம், அதற்கு இன்னும் கொஞ்சம் மரியாதை செய்யவேண்டும் என்று நினைத்தாள்.

பொரியை மட்டும் நம்பியும் இருக்கவில்லை. சில்லரை இருபத்தாறிலிருந்து இருபத்துநாலுக்கு இறக்கினாள். தண்ணீர் குளிர்வதற்குப் பதில் இன்னும் சுட்டது. பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து மிதக்கவிட்டாள். ஐஸ் கரைகிற வரைக்கும் இறங்கும், கரைந்ததும் பழி வாங்குவது மாதிரி ஏறும். மீன்தொட்டிக் கடைக்காரன் பேச்சைக் கேட்டு இன்னொரு அலை மோட்டார் வாங்கித் தண்ணீருக்குள் போட்டாள். அதற்கு மறுநாள் தெர்மோமீட்டர் முப்பதைத் தொட்டது. மான்கொம்பின் உச்சிக் கிளை ஒன்று, யாரோ சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல் வெளுத்திருந்தது.

அதைப் பார்த்துவிட்டு ஜூயின் பியானோ ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகுவானின் பவளக் கூட்டாளிகள் பேசிக்கொள்கிற அரட்டைக் குழுவில் எழுதினாள். அந்தக் குழுவில் அவளை அவன் சேர்த்துவிட்டிருந்தானே தவிர, அதுவரை அவள் அதில் ஒரு வார்த்தை பேசியதில்லை. 'நான் போகுவானின் மனைவி. தொட்டி முப்பது டிகிரி. என்ன செய்வது என்று தெரியவில்லை. அவரிடம் சொல்லாதீர்கள்.'

பதில்கள் மழையாகக் கொட்டின. 'அண்ணி பேசிட்டாங்க!' என்று ஒருத்தர். 'விளக்க அணைங்க அண்ணி' என்று ஒருத்தர். 'அணைக்காதீங்க, பவளத்துக்குப் பசிக்கும்' என்று இன்னொருத்தர். இரண்டு பேர் அதை வைத்தே சண்டை போட ஆரம்பித்தார்கள். கடைசியில் பாங் என்பவனிடமிருந்து ஒரே வரி வந்தது. 'எல்லாரும் வாய மூடுங்கடா. நாளைக்குக் காலைல நான் போறேன்.'

பாங் இரவுச் சந்தையில் கணவாய் சுட்டு விற்கிறவன். கடையில் கடல் பிராணிகளைக் கரியில் வாட்டுவான், வீட்டில் அவற்றுக்கு வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் தூக்கம் வராது. காலையில் அழைப்பு மணியை அழுத்துவதற்கு முன்பே அவன் குரல் படியேறி வந்தது.

"கதவத் தெறங்க அண்ணி! ஆம்புலன்ஸ் வந்தாச்சு!"

இரண்டு தோளிலும் தெர்மோகோல் பெட்டிகளைச் சுமந்துகொண்டு, வேர்த்து வழிய உள்ளே வந்தான். செருப்பைக் கழற்றும்போதே பேச்சு.

"கணவாய் வாசன அடிச்சா மன்னிச்சுக்கங்க. நேத்து நல்ல கூட்டம். உங்க பவளங்ககிட்ட மட்டும் நான் என்ன வேல பாக்குறேன்னு சொல்லிராதீங்க."

தொட்டியைப் பார்த்ததும் அவன் வேடிக்கை நின்றுவிட்டது. குனிந்தான். கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி நின்று பார்த்தான். வழக்கமாகக் கை விரித்து ஆடுகிற பவளங்களெல்லாம் சுருண்டு பந்தாகக் கிடந்தன. ஒரே ராத்திரியில் மான்கொம்பின் மேல் பாதி முழுக்க வெளுத்திருந்தது.

"என்ன தம்பி, போயிடுச்சா?" என்று கேட்டாள் ஜூயின்.

"போகல. போகப்போகுது. அண்ணி, நான் நேரா சொல்லிர்றேன். எல்லாத்தையும் பெட்டில எடுத்துட்டுப் போயி ஆளுக்குக் கொஞ்சமா எங்க தொட்டிகள்ல வெச்சுக்கறோம். எங்க கூட்டத்துல அதான் வழக்கம். ஒருத்தன் தொட்டி கெட்டா மத்தவனுங்க பிள்ளைங்களத் தூக்கிட்டுப் போயிருவோம். சரியானதும் திருப்பி வந்துரும்."

"அந்தப் பெருசும் வருமா?"

பாங் தலையைச் சொறிந்தான். "அது பாறையோட ஒட்டிப்போச்சே அண்ணி. உடைச்சுத்தான் எடுக்கணும்."

ஜூயின் வாசல் கதவைப் பார்த்தாள். போகுவான் கதவைத் திறந்து வருகிறான், ஹாலில் வெறும் தண்ணீர் நிற்கிற தொட்டி, நடுவில் உடைந்த அடிக்கட்டை. அந்தக் காட்சி அவளுக்குக் கண் முன்னால் வந்து நின்றது.

"நான் அவர்கிட்ட ஒரு தடவ கத்திட்டேன் தம்பி. இது செத்தாத்தான் எனக்கு நிம்மதின்னு."

"அட, அவ்வளவுதானா? என் சம்சாரம் என்னையே அப்படித்தான் சொல்றா," என்றான் பாங். அவள் சிரிக்கவில்லை என்றதும் குரலைத் தாழ்த்தினான். "அண்ணி, என் வீட்டு மான்கொம்பு அண்ணன் குடுத்த துண்டுதான். இதே தாய்ல இருந்து உடைச்சுக் குடுத்தாரு. 'என் வீட்ல செத்தா உன் வீட்ல இருக்கும், உன் வீட்ல செத்தா என் வீட்ல இருக்கும்'னு சொல்லிக் குடுத்தாரு. எனக்கு மட்டுமில்ல, பாதிப் பேருக்கு அப்படித்தான். ஒரு காசு வாங்கல. இப்ப நாங்க சும்மா இருப்பமா? நீங்க பயப்படாதீங்க."

ஜூயின் மான்கொம்பைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் இந்தத் தொட்டிக்கு எதிரில் அவன் ஒரு மணி நேரம் மௌனமாக உட்கார்ந்து என்னத்தைப் பார்க்கிறான் என்று நக்கலடித்திருக்கிறாளே தவிர, ஊரில் யார் யார் வீட்டிலெல்லாம் இதன் பிள்ளைகள் வளர்கின்றன என்று அவள் கேட்டதே இல்லை.

"சரி, எடுங்க," என்றாள்.

பாங் பெட்டியை வைக்க இடம் தேடினான். பியானோவுக்கும் அலமாரிக்கும் நடுவில்தான் இடம் இருந்தது. அங்கே பச்சைப் பொட்டலங்கள் கோட்டைச் சுவர் மாதிரி அடுக்கியிருந்தன.

"ஆத்தாடி! விமான நிலையத்துல கூட இத்தன பொட்டலம் வெச்சிருக்க மாட்டாங்க அண்ணி! மெஷினுக்குச் சர்க்கரை வியாதி வந்துரப்போகுது."

"கவனமா எடுங்க தம்பி. பிரிஞ்சிரப் போகுது."

"பிரியறதாவது! ஒவ்வொண்ணும் பலூன் மாதிரி உப்பிக் கெடக்கு." இரண்டு கையாலும் வாரி எடுத்துத் தள்ளி வைத்தான்.

ஜூயின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முழங்காலில் திடீரென்று சூடான காற்று வந்து அடித்தது. பேருந்துக்குப் பின்னால் நின்றால் அடிக்குமே, அந்த மாதிரி.

"இது என்ன, இங்க இவ்ளோ சூடா வீசுது?"

பாங் வலைக்கு முன்னால் கையை நீட்டினான். சடக்கென்று கையை இழுத்துக்கொண்டான். பொட்டலங்களைப் பார்த்தான். வலையைப் பார்த்தான். மறுபடியும் பொட்டலங்களைப் பார்த்தான்.

"அண்ணி, இந்தக் கதவத் தெறந்து எத்தன நாளாச்சு?"

"தெறந்ததே இல்ல. தெறக்க வேண்டாம்னு சொல்லிட்டாரு."

பாங் இரண்டு கதவுகளையும் பிடித்து இழுத்தான். இறுகியிருந்த ரப்பர் ஓரங்கள் பிய்கிற சத்தத்தோடு திறந்தன. மூங்கில் கூடையில் பாவ் என்கிற மாவுருண்டை ஆவியில் வேகும்போது மூடியைத் தூக்கினால் முகத்தில் அறைகிற அனல் இருக்கிறதே, அப்படி ஓர் அனல் அவர்கள் முகத்தில் அறைந்தது. கூடவே அந்தப் பழைய முனகல், இரண்டு கட்டைக்கு நடுவில் நிற்கிற அதே 'ம்ம்ம்', ஹால் முழுக்கப் பரவியது.

மெஷின் மாறவே இல்லை. அதே பழைய சில்லர்தான்.

ஜூயின் தரையில் உட்கார்ந்து உள்ளே பார்த்தாள். அலமாரியின் நாலு சுவரிலும், கதவின் உள்பக்கத்திலும், மேல் பலகையிலும் சத்தம் உறிஞ்சுகிற கறுப்பு ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது. ஒட்டியிருந்தது என்றால் ஏனோதானோ என்று இல்லை. மூலைகளில் இடைவெளி தெரியாமல் சாய்த்து வெட்டி, தைத்த சட்டை மாதிரி பொருத்தியிருந்தான். சில்லரின் நாலு காலுக்குக் கீழும் ரப்பர் மெத்தை. குழாய்கள் மரத்தில் உரசுகிற இடத்தில் துணி. சுவரில் முட்டி அதிர்ந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு திருகாணியின் தலைக்கும் கூட ஒரு துண்டு ஸ்பாஞ்ச் சுற்றியிருந்தான். இடது பக்கத்து வலைக்கு உள்ளே ஒரு சின்ன ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மெஷின் கக்குகிற சூட்டை வெளியே தள்ளுவதற்காக அவன் விட்டு வைத்த ஒரே வாசல் அது. சூடு வெளியே போக முடியாமல், சில்லர் தன் மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக் குடித்துக்கொண்டு இத்தனை நாள் ஓடியிருக்கிறது. இருபத்துநாலுக்கு இறக்கியபோது இன்னும் வேகமாக ஓடி, இன்னும் சூடாக்கியிருக்கிறது.

'எல்லாம் மறந்தாலும் இடது பக்கத்த மட்டும் மறைச்சிராத.' அன்றைக்குச் சொன்னான்தான். அவள் பியானோவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பாங்குக்கு விஷயம் விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் தரையில் உட்கார்ந்து தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "சமத்தா இருன்னு சொல்லிச் சொல்லியே மூச்ச அடைச்சுட்டீங்களே அண்ணி! பாவம், அதுவும் சமத்தா வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்திருக்கு!" சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்தினான்.

"சிரிங்க தம்பி, சிரிக்க வேண்டியதுதான்," என்றாள் ஜூயின். அவள் கையில் திருகாணித் தலையிலிருந்து பிய்ந்து வந்த ஸ்பாஞ்ச் துண்டு இருந்தது. "இத எனக்காகப் பண்ணியிருக்காரு. நான் புது மெஷின்னு நெனச்சுட்டேன். பசை நாத்தம்னு திட்டினேன்."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அதிகமாக, இப்படி ஒருத்தன் தனக்கு வாய்த்திருக்கிறானே என்று நெஞ்சு நிறைந்து வழிந்தது. அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல், எதிரே இருந்த கணவாய்க் கடைக்காரனிடமே, "ரொம்ப நல்ல மனுஷன் தம்பி அவரு" என்றாள்.

"தெரியாமலா வந்தேன்?" என்றான் பாங்.

பெட்டிகள் ஓரமாகப் போயின. சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம், இறங்காவிட்டால் அப்போது உடைப்போம் என்று முடிவு செய்தார்கள். கதவுகளைக் கீலிலிருந்தே கழற்றினார்கள். சில்லரை மறுபடி இருபத்தாறுக்கே மாற்றி, முன்னால் இழுத்து, அதன் சூடு பால்கனிப் பக்கம் போகிற மாதிரி திருப்பி வைத்தார்கள். கடைக்காரன் தலையில் கட்டிய புது அலை மோட்டாரைப் பாங் வெளியே எடுத்துப் போட்டான்.

"தண்ணிக்குள்ள ஓடற ஒவ்வொரு மோட்டாரும் ஒரு குட்டி அடுப்புதான் அண்ணி. இருக்கறதே போதும்."

ஜூயின் படுக்கையறையிலிருந்து மேசை ஃபேனைத் தூக்கி வந்து, தண்ணீரின் மேல்பரப்பில் காற்று படுகிற மாதிரி ஸ்டூலில் வைத்தாள். தண்ணீர் ஆவியாகப் போகப் போகத் தானே குளிரும், குறைகிற அளவுக்கு உப்பில்லாத தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்றான் பாங். விளக்குகளைப் பகல் முழுக்க அணைத்து வைத்தார்கள். எல்லாம் முடிந்ததும் செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு பேரும் தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்து மாம்பழம் வெட்டித் தின்றார்கள்.

சில்லர் விடாமல் முனகியது. அன்றைக்கு அந்தச் சத்தம் அவளுக்கு இனித்தது என்று சொன்னால் அது பச்சைப் பொய். கர்ண கடூரமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் எழுந்து போகவில்லை.

மத்தியானம் முப்பதிலிருந்து ஒரு புள்ளி இறங்கியது. அப்புறம் இன்னொன்று. வெயில் சாயும் நேரத்தில் இருபத்தெட்டைத் தொட்டபோது, பல மாதமாக அணையாமல் எரிந்துகொண்டிருந்த அந்தச் சிவப்பு விளக்குகூடக் கொஞ்சம் நல்ல பிள்ளையாகத் தெரிந்தது. சுருண்டு கிடந்த பவளம் ஒன்று, தயங்கித் தயங்கி ஒரு விரலை வெளியே நீட்டியது. பாங் எழுந்து காலிப் பெட்டிகளைத் தோளில் ஏற்றினான்.

"உடைக்க வேணாம் அண்ணி. மேல் பாதி திரும்பாது. கீழ் பாதில உயிர் இருக்கு. கோடை முடியற வரைக்கும் கதவ மாட்டாதீங்க. அப்பறம், அந்தப் பொட்டலத்த..."

"மெஷினுக்கு மேல வெக்கறேன். வாசல்ல வெக்க மாட்டேன்."

"அது!"

மீதி மாம்பழத்தையெல்லாம் ஒரு பையில் போட்டு அவனுக்குக் கொடுத்தாள். வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டான். படி இறங்குகிறவனை மேலேயிருந்து கூப்பிட்டு இரண்டாம் முறையும் நன்றி சொன்னாள். "போங்க அண்ணி, இதுக்குப் போயி" என்ற குரல் கீழேயிருந்து வந்தது.

அடுத்த நாட்களில் தண்ணீர் இருபத்தாறுக்கு வந்து நின்றது. பவளங்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. மான்கொம்பின் மேல் கிளைகள் மட்டும் பாசி படிந்து பழுப்பாகிப்போயின. பாடம் படிக்க வந்த பிள்ளைகள் "டீச்சர், என்ன சத்தம்?" என்று கேட்டார்கள். "கவனத்த விரல்ல வை" என்று அதட்டினாள். பல்லுக்குள் மணல் சிக்கியேதான் இருந்தது.

கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தபோது போகுவான் அழைத்தான். ஜூயின் அந்த அழைப்புக்காக வாக்கியங்களை வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தாள். நான் வேண்டுமென்று செய்யவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றினேன். பாங்கிடம் வேண்டுமானால் கேட்டுப் பார். ஒவ்வொன்றும் கோர்ட்டில் நிற்கிறவள் பேச்சு மாதிரி இருந்தது.

"ஒரு விஷயம் சொல்லணும். கோச்சுக்காம கேளு," என்று ஆரம்பித்தாள். "இத்தன நாளா எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதினது பொய். தொட்டி சூடாயிடுச்சு. உன்னோட மான்கொம்பு பாதி செத்துப்போச்சு. அந்த வலைக்கு முன்னாடி நான் பச்சைப் பொட்டலமா அடுக்கி வெச்சுட்டேன். மெஷின் சமத்தா ஓடட்டும்னு. அதான் சூடு வெளிய போகாம அடைச்சுக்கிச்சு. பாங் வந்து கதவக் கழட்டிப் போட்டாரு. இப்ப சரியாயிடுச்சு. ஆனா பாதி போயிடுச்சு."

மறுமுனையில் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தாள்.

"ஹலோ? இருக்கியா?"

"இருக்கேன்." கொஞ்சம் பொறுத்து, "நீ அந்த மெஷினுக்குப் பொட்டலம் வெச்சியா?"

"வெச்சேன்."

"எப்பலருந்து?"

"நீ போன வாரத்துலருந்து."

"தேதி பாத்து மாத்தினியா?"

"பின்ன? காலாவதியானத யாராவது வெப்பாங்களா?"

"நான் நெனச்சேன்..." என்று இழுத்தான் போகுவான்.

"என்ன நெனச்ச?"

"ஒண்ணுமில்ல. தப்பா நெனச்சுட்டேன்." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறகு அவசரமாக, ரொம்ப நேரமாக அதையே யோசித்துக்கொண்டிருந்தவன் மாதிரி கேட்டான். "ஏய், கதவக் கழட்டிட்டீங்கன்னா அந்தச் சத்தம் வருமே? நீ எப்படிப் பாடம் நடத்தற?"

ஜூயினின் வரிசையிலிருந்த அத்தனை வாக்கியங்களும் உபயோகமில்லாமல் போயின. வருஷக்கணக்காக வளர்த்தது பாதி செத்துவிட்டது என்கிறாள், இவன் அவள் காதைப் பற்றிக் கேட்கிறான். பேருந்து ஓட்டுநருக்கு அவள் நன்றி சொல்வாள், கடையில் சில்லறை கொடுக்கிறவளுக்குச் சொல்வாள், பாங்குக்கு இரண்டு தடவை சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து இவனுக்கு மட்டும் சொன்னதில்லை. வீட்டு மனுஷனுக்கு யார் சொல்கிறார்கள்?

"நன்றி," என்றாள்.

"என்னது? எதுக்கு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அந்த ஸ்பாஞ்சுக்கு. ஒவ்வொரு திருகாணித் தலைக்கும் சுத்தி வெச்சிருக்கியே, அதுக்கு."

அந்தப் பக்கத்தில் துறைமுகத்தின் கிரேன் ஒன்று கத்தி ஓய்ந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவன் போலப் போகுவான் மெல்லக் கேட்டான்.

"அதெல்லாம் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்," என்றாள் ஜூயின்.